செல்போனை வாங்கி வைத்தால் கொள்கை ஆகிவிடுமா?

"எங்கள் பள்ளியில் சமூக ஊடகக் கொள்கை எழுத ஒரு குழு போட்டிருக்கிறார்கள், ஆசிரியர்கள் தரப்பில் நான் இருக்கிறேன். 'ஆஸ்திரேலியா மாதிரி பதினாறு வயதுவரை கிடையாது என்று ஒரு வரி போட்டால் முடிந்தது' என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். மற்ற நாடுகளில் நிஜமாகவே என்ன செய்கிறார்கள்? எதற்குப் பலன் இருந்தது? நாங்கள் எதை எழுத வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு வரியை உங்கள் பள்ளியால் எழுத முடியாது. ஆஸ்திரேலியாவில்கூட அதைப் பள்ளிகள் எழுதவில்லை, நாடாளுமன்றம் எழுதியது. 2024 நவம்பர் கடைசியில் நிறைவேறி 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் மாணவரையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. பதினாறு வயது ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்காமல் பார்த்துக்கொள்வது அந்த ஊடகத்தை நடத்தும் கம்பெனியின் பொறுப்பு. அதற்கு நியாயமான நடவடிக்கை எடுக்காவிட்டால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம். பள்ளிக்கு அதில் வேலையே இல்லை.

இந்த விஷயத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பள்ளி நேரத்தில் கையில் செல்போன் இருக்கலாமா என்பது ஒன்று. எந்த வயதில் கணக்கு தொடங்கலாம் என்பது இன்னொன்று. கணக்கு வைத்திருப்பவர்கள், அதாவது மாணவர்கள், ஆசிரியர்கள், பள்ளி நிர்வாகம், அங்கே ஒருவரிடம் ஒருவர் எப்படி நடந்துகொள்வது என்பது மூன்றாவது. முதலாவதைப் பள்ளியோ கல்வித் துறையோ தீர்மானிக்கலாம். இரண்டாவது சட்டசபைகளும் கம்பெனிகளும் மல்லுக்கட்டும் இடம். மூன்றாவதை எழுத உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. நான் உட்கார்ந்த குழுக்களில் எல்லாம் நடந்தது ஒன்றேதான்: முதலாவதில் மூழ்கினோம், இரண்டாவதைப் பற்றி ஆவேசமாகப் பேசினோம், மூன்றாவதற்கு நேரம் இல்லாமல் கலைந்தோம்.

வயதை முதலில் முடித்துவிடுவோம், அதில்தான் குழப்பம் அதிகம்.

பெரும்பாலான செயலிகளில் பதிமூன்று வயது என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வயதில் மனம் பக்குவப்படுகிறது என்று எந்த மருத்துவரும் சொல்லி வந்ததல்ல அது. அமெரிக்கா 1998-இல் குழந்தைகளின் இணைய அந்தரங்கத்துக்கு ஒரு சட்டம் போட்டது. 2000-இல் அது நடைமுறைக்கு வந்தது. பதிமூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தகவல்களைத் திரட்ட வேண்டுமென்றால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்கவேண்டும் என்றது அந்தச் சட்டம். அந்தத் தலைவலி எதற்கு என்று, "பதிமூன்றுக்குக் கீழே எங்களிடம் யாரும் இல்லை" என்று விதிமுறையில் எழுதிவைத்துக்கொள்வது கம்பெனிகளுக்குச் சுலபமாகப் போயிற்று. பிறந்த தேதியைப் பிள்ளையே தட்டச்சு செய்வதுதான் சோதனை. விளம்பரத்துக்கான தகவல் சட்டத்தில் பிறந்த எண் இது. இன்று உலகம் முழுக்க வளர்ச்சியின் அளவுகோல்போல உலவுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினாறு என்று வைத்தது. வேண்டுமானால் பதிமூன்றுவரை இறக்கிக்கொள்ளலாம் என்று உறுப்பு நாடுகளுக்கு விட்டது. ஆளுக்கொரு எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மனி, அயர்லாந்து, நெதர்லாந்து பதினாறு, பிரான்ஸ் பதினைந்து, இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரியா பதினான்கு, ஸ்வீடன், பெல்ஜியம் பதிமூன்று. ஒன்றைக் கவனியுங்கள்: இவை பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளை தானே சம்மதம் தரக்கூடிய வயதுகள். அதற்குக் கீழே கணக்கே கூடாது என்று அர்த்தம் இல்லை. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுச் சட்டம் இன்னும் மேலே போய்ப் பதினெட்டு வரை எல்லோரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் கேட்கிறது, குழந்தைகளைக் குறிவைத்த விளம்பரத்தைத் தடுக்கிறது.

ஆஸ்திரேலியா செய்தது இவற்றிலிருந்து வேறு. பெற்றோர் சம்மதித்தாலும் கிடையாது என்றது. இன்ஸ்டாகிராம், பேஸ்புக், டிக்டாக், ஸ்நாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட் எல்லாம் பட்டியலில் உண்டு. யூடியூபுக்கு முதலில் விலக்கு தருவதாக இருந்தார்கள். 2025 ஜூலையில் அதையும் உள்ளே கொண்டுவந்தார்கள். வாட்ஸ்அப்பும் கூகுள் கிளாஸ்ரூமும் பட்டியலுக்கு வெளியே. தடை கணக்குக்குத்தான், பார்ப்பதற்கு இல்லை; கணக்கில் நுழையாமல் யூடியூப் பார்க்கலாம், ஆசிரியர் வகுப்பில் வீடியோ போடலாம். அரசு அடையாள அட்டையை மட்டுமே கேட்டு வயதைச் சரிபார்க்கக் கூடாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் முகத்தைப் பார்த்து வயதை மதிப்பிடும் தொழில்நுட்பம் போன்றவை உள்ளே வந்தன.

இதே பாதையில் மற்றவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். டென்மார்க் அரசும் கட்சிகளும் 2025 இறுதியில் பதினைந்து என்று உடன்பட்டன. மலேசியா பதினாறு என்று அறிவித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2025 நவம்பரில் பதினாறை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தீர்மானம்தான், சட்டம் இல்லை. பிரான்ஸ் 2023-லேயே பதினைந்து என்று சட்டம் இயற்றியும் ஐரோப்பியச் சட்டத்தோடு பொருந்தவில்லை என்ற சிக்கலில் அது ஏட்டோடு நின்றது.

இவை வெற்றி பெறுமா? ஒரு பழைய கதை சொல்கிறேன். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று தென் கொரியா 2011-இல் சட்டம் போட்டது. அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் பதிவெண் உண்டு, இணையத்தில் அதைக் கேட்கும் வழக்கமும் இருந்தது. அமல்படுத்த இதைவிட வசதியான நாடு கிடையாது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் எண்ணைப் போட்டு ஆடினார்கள். சட்டம் கணினி விளையாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது, ஆட்டமோ செல்போனுக்கு இடம் மாறியது. பத்தாண்டு கழித்து, 2021-இல், நாடாளுமன்றமே அதை ரத்து செய்தது. ஆஸ்திரேலியச் சட்டமும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த முறை சுமை கம்பெனியின் தலையில் இருக்கிறது, அபராதமும் பெரியது. ஆனால் செயலியின் பெயரைக் குறிவைத்து எழுதிய விதி எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்பதை உங்கள் குழு இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வயது விஷயத்தில் உங்கள் கொள்கைக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவும் ஆசிரியர்களை நோக்கி: நாட்டுச் சட்டமோ செயலியின் விதிமுறையோ அனுமதிக்காத வயதில் உள்ள மாணவர் கணக்கு தொடங்க வேண்டிய எந்த வேலையையும் பள்ளி கொடுக்காது. சிரிப்பாக இருக்கும். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை "நம்ம ஸ்கூல் இன்ஸ்டா பக்கத்தில் போட்டி விவரம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று அனுப்பும் பள்ளிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் தடை பேசிக்கொண்டு மறு பக்கம் வாசலைத் திறந்து வைக்கிறோம்.

அடுத்தது செல்போன். இங்கே உலகம் ஓரளவு ஒரே திசையில் நகர்கிறது. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட கல்வி அறிக்கையில், பள்ளியில் ஸ்மார்ட்போனைச் சட்டத்தாலோ கொள்கையாலோ தடுத்த நாடுகள் நான்கில் ஒன்றுக்கும் குறைவு என்றது. 2024 இறுதியில் அவர்கள் எண்ணியபோது 79 கல்வி அமைப்புகள், கிட்டத்தட்ட 40 சதவீதம். பிரான்ஸ் 2018-லேயே பதினைந்து வயதுவரை உள்ள பள்ளிகளில் தடுத்தது. பாடத்துக்குத் தேவைப்படும்போதும் மாற்றுத்திறன் கொண்ட மாணவருக்கும் விலக்கு உண்டு. நெதர்லாந்து 2024 ஜனவரியில் வகுப்பறைக்குள் செல்போனைத் தடுத்தது. பிரேசில் 2025 ஜனவரியில் இடைவேளையையும் சேர்த்துத் தடுத்தது. பின்லாந்து அந்த ஆகஸ்டில் பாட நேரத்துக்குச் சட்டம் போட்டது. தென் கொரியா நிறைவேற்றிய சட்டம் 2026 மார்ச் முதல். சிங்கப்பூர் 2026 ஜனவரி முதல் இடைநிலைப் பள்ளிகளில் ஸ்மார்ட் வாட்ச்சையும் சேர்த்துக்கொண்டது.

சீனாவின் உத்தரவை மட்டும் சற்று நின்று படிக்கவேண்டும். 2021 தொடக்கத்தில் வந்தது. மாணவர் செல்போன் கொண்டுவரக் கூடாது, அவசியம் என்றால் பெற்றோர் எழுதிக் கேட்கவேண்டும், பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது எல்லோரும் எதிர்பார்க்கும் பகுதி. இன்னொரு பகுதி ஆசிரியருக்கு: செல்போன் வழியாக வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது, செல்போனில் செய்யும்படியான வீட்டுப்பாடமும் கூடாது. அந்த நாட்டின் இணையக் கட்டுப்பாடுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பிள்ளையின் கையில் செல்போன் ஏறியதற்குப் பள்ளியும் ஒரு காரணம் என்பதை உத்தரவிலேயே ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். இரவு எட்டரைக்கு வகுப்பு குரூப்பில் "நாளைக்குச் சார்ட் கொண்டுவரவும்" என்று அனுப்பிவிட்டு, காலையில் மேடையேறி செல்போன் மோகம் பற்றிப் பேசும் பழக்கத்துக்கு வேறு மருந்து இல்லை.

தடை பலன் தந்ததா என்றால், எதை அளந்தீர்கள் என்று திருப்பிக் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் நான்கு நகரங்களின் 91 பள்ளிகளை வைத்து பெலண்ட், மர்ஃபி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் முதலில் நீட்டுவார்கள். தடைக்குப் பிறகு மதிப்பெண் சற்று உயர்ந்தது. பின்தங்கிய மாணவர்களிடம் அந்த உயர்வு சராசரியைப் போல இருமடங்குக்கும் மேல். நன்றாகப் படிப்பவர்களிடம் மாற்றமே இல்லை. கவனத்தைத் தானே கட்டிக் காக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தடை தேவைப்படவில்லை, தெரியாத பிள்ளைக்கு அது ஒரு கைத்தடி. அழகான முடிவுதான். ஆனால் அதே முறையில் ஸ்வீடனில் செய்து பார்த்தவர்களுக்கு மதிப்பெண்ணில் எந்த விளைவும் கிடைக்கவில்லை. நார்வேயில் சாரா ஆப்ரஹாம்சன் 2024-இல் வெளியிட்ட ஆய்வு வேறு இடத்தைப் பார்த்தது: தடை செய்த நடுநிலைப் பள்ளிகளில் கேலி, துன்புறுத்தல் குறைந்தது, மனநலச் சிக்கலுக்காகப் பெண் பிள்ளைகள் மருத்துவ உதவி தேடிப் போனதும் குறைந்தது.

இதோடு நிறுத்தினால் தடைக்கு ஆதரவாக வழக்கு முடிந்தது. 2025 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் இன்னொன்றைக் கொண்டுவந்தது. 30 பள்ளிகள், 1,227 மாணவர்கள். கண்டிப்பான தடை உள்ள பள்ளிகளையும் விட்டுப்பிடிக்கும் பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். மாணவர் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. தூக்கம், வகுப்பு நடத்தை, எதிலும் இல்லை. செல்போனிலும் சமூக ஊடகத்திலும் அதிக நேரம் செலவிட்டவர்களின் நிலை எல்லாவற்றிலும் மோசமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளியின் தடை அந்த மொத்த நேரத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. பள்ளியில் மிச்சமான நேரம் வீட்டில் செலவாகியிருக்கலாம்.

இவை ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்குள் நடப்பதைப் பள்ளியின் தடை மாற்றுகிறது, ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் நடப்பதை அது தொடுவதில்லை. ஆகவே தடை போடுங்கள், வகுப்பறை அமைதிக்கும் மதிய உணவு நேரத்துப் பேச்சுக்கும் அது உதவக்கூடும். பெற்றோர் கூட்டத்தில் மட்டும் "இதனால் பிள்ளைகளின் மன அழுத்தம் தீரும்" என்று சொல்லி விற்காதீர்கள். ஆறு மாதத்தில் அவர்கள் கணக்குக் கேட்பார்கள்.

தடை போட்டால் வாங்கி வைக்கும் ஏற்பாடும் உங்கள் தலையில்தான். நியூயார்க் நகரப் பள்ளிகளில் முன்பு செல்போனுக்கு முழுத் தடை இருந்தது. வாசலில் மெட்டல் டிடெக்டர் இருந்த பள்ளிகளில்தான் அது நிஜமாக அமலானது. அவை பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். அந்த வாசல்களில் வேன்கள் வந்து நின்றன, நாளைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு செல்போனை வைத்திருந்து மாலையில் திருப்பித் தந்தன. வசதியான பகுதிப் பள்ளிகளிலோ பைக்குள் இருந்தால் யாரும் கேட்கவில்லை. 2015-இல் நகரம் அந்தத் தடையை எடுத்தது. பத்து வருடம் கழித்து மாநிலமே முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை தடை என்று திரும்பக் கொண்டுவந்தது. யார் வாங்கி வைப்பது, தொலைந்தால் யார் பொறுப்பு, சர்க்கரை அளவைச் செல்போனில் பார்க்கவேண்டிய மாணவருக்கு என்ன ஏற்பாடு, ஆசிரியர் வகுப்பில் தன் செல்போனைப் பார்க்கலாமா. இந்த நான்குக்கும் பதில் இல்லாத தடை, கண்ணில் பட்டவரை மட்டும் பிடிக்கும் தடையாகிவிடும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் குழுவின் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகவேண்டும்.

பள்ளிக்கு வெளியே, விடுமுறை நாளில், சொந்த செல்போனில் மாணவர் எழுதியதற்குப் பள்ளி தண்டிக்கலாமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்த்த மஹனாய் பள்ளி மாவட்ட வழக்கு இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். பென்சில்வேனியாவில் ஒரு மாணவிக்குப் பள்ளியின் மூத்த சியர்லீடிங் அணியில், அதாவது விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும் அணியில், இடம் கிடைக்கவில்லை; இளையோர் அணியில்தான் கிடைத்தது. சனிக்கிழமை, ஒரு கடையில் நின்றுகொண்டு, பள்ளியையும் அணியையும் எல்லாவற்றையும் கெட்ட வார்த்தையில் திட்டி ஸ்நாப்சாட்டில் போட்டார். ஒரு நாளில் தானாக மறையும் பதிவு. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள், பயிற்சியாளர் கைக்குப் போனது, ஒரு வருடம் இளையோர் அணியிலிருந்து நீக்கினார்கள். நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று மாணவி பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்டீபன் பிரேயர் சொன்ன காரணம் எந்த நாட்டுக்கும் பொருந்தும்: பள்ளிக்கு உள்ளே பேசுவதையும் வெளியே பேசுவதையும் பள்ளியே கட்டுப்படுத்தினால், அந்தப் பிள்ளை இருபத்துநாலு மணி நேரத்தில் எப்போதுதான் வாய் திறப்பது? பொதுப் பள்ளிகள் ஜனநாயகத்தின் நாற்றங்கால் என்றும் எழுதினார். அதற்காகப் பள்ளியின் கையைக் கட்டிப்போட்டுவிடவில்லை. ஒருவரைக் குறிவைத்த கடுமையான துன்புறுத்தல், ஆசிரியருக்கோ மாணவருக்கோ மிரட்டல் போன்றவற்றில் வெளியே நடந்தாலும் பள்ளி தலையிடலாம் என்றார்.

இங்கிலாந்து இதை வேறு வழியில் செய்கிறது. பள்ளி வளாகத்துக்கு வெளியே நடப்பதையும் "நியாயமான அளவுக்கு" ஒழுங்குபடுத்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தலைமையாசிரியருக்கு அதிகாரம் தருகிறது. நியூசிலாந்தில் 2015 முதல் இணையத் தீங்குக்குத் தனிச் சட்டம் உண்டு. நெட்சேஃப் என்ற அமைப்பு புகாரை வாங்கிப் பேசித் தீர்க்கப் பார்க்கும், தீராவிட்டால் நீதிமன்றம். ஆஸ்திரேலியாவில் 2015-இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இணையப் பாதுகாப்பு ஆணையம் பதிவை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கே உத்தரவிடலாம். இப்படி ஒரு அமைப்பு உங்கள் நாட்டில் இருந்தால் அதன் எண் கொள்கையின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

நீங்கள் எழுதவேண்டிய சோதனை எளிது: அந்தப் பதிவு பள்ளியில் உள்ள ஒரு மனிதரைக் காயப்படுத்துகிறதா, மிரட்டுகிறதா, நாளைக்கு அவர் வகுப்பில் வந்து உட்கார முடியாமல் செய்கிறதா? ஆம் என்றால், எங்கே எப்போது போட்டது என்பது பொருட்டில்லை. இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஏறக்குறைய எல்லாக் கொள்கையிலும் வரும் "பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தல்" என்ற வரியை வந்த இடத்திலேயே அடித்துவிடுவது என் வழக்கம். நான் உதவப் போன ஒரு பள்ளியில், கதவு இல்லாத கழிப்பறையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்த மாணவி மேல் அந்த வரி பாய்ந்திருந்தது. விசாரணை மூன்று வாரம் நடந்தது. கதவு போட ஒரு நாள் போதும்.

ஆசிரியர் மாணவர் தொடர்பு இதைவிடச் சிக்கல். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் 2011-இல் ஒரு சட்டம் போட்டது: பெற்றோரும் நிர்வாகமும் பார்க்க முடியாத தனித் தொடர்பை ஆசிரியர் மாணவரோடு இணையத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. நோக்கம் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பது. ஆனால் ஆசிரியரின் சொந்தப் பிள்ளை அதே பள்ளியில் படித்தால் அவரோடுகூடப் பேச முடியாது என்று அர்த்தம் வரும்படி எழுதிவிட்டார்கள். நீதிமன்றம் தடை போட்டது, அந்த வருடமே அந்தப் பிரிவை நீக்கினார்கள். ஜெர்மனியின் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2013-இல் வேறு கோணத்தில் வந்தது: ஆசிரியர் மாணவரோடு பள்ளி விஷயங்களைப் பேஸ்புக்கில் பேசக் கூடாது, காரணம் பிள்ளைகளின் தகவல் வெளிநாட்டுக் கம்பெனியின் கணினிக்குப் போகிறது. முதல் சட்டம் ஆசிரியரைச் சந்தேகித்தது, இரண்டாவது கம்பெனியைச் சந்தேகித்தது. பின்னது அதிக நாள் தாங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

உங்களுக்கு இவ்வளவு போதும்: பள்ளி விஷயம் பள்ளி தரும் வழியில் மட்டும், தனி எண்ணிலிருந்து தனி மாணவருக்குச் செய்தி கிடையாது, குரூப் என்றால் அதில் இரண்டு ஆசிரியர்கள், மாணவரின் நட்பு அழைப்பை ஏற்பதில்லை. அவசரத்தில் விதியை மீற நேர்ந்தால், நெருக்கடியில் உள்ள ஒரு பிள்ளை நள்ளிரவில் அழைத்தால், பேசுங்கள், மறுநாள் காலையில் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் நல்ல ஆசிரியர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். கெட்ட ஆசிரியர் விதியைப் படிப்பதே இல்லை.

பெற்றோர் குரூப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. அது பள்ளியுடையது அல்ல என்று ஒரு வரி, ஆசிரியர்கள் அதில் இருக்கவேண்டாம் என்று இன்னொரு வரி.

பள்ளியே போடும் படங்கள்தான் யாரும் பேச விரும்பாத பகுதி. முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம், முழுப் பெயர், வகுப்பு, சட்டையில் பள்ளிச் சின்னம், நான்கும் ஒரே பதிவில். சேர்க்கைப் படிவத்திலேயே சம்மதம் வாங்கியாயிற்று என்பார்கள். அது சம்மதமா? ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்று 22 மாணவர்களின் வருகைப் பதிவை முக அடையாளத் தொழில்நுட்பத்தால் மூன்று வாரம் சோதித்துப் பார்த்தது. சம்மதம் வாங்கித்தான் செய்தார்கள். 2019-இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டு லட்சம் குரோனா அபராதம் போட்டது. பள்ளிக்கும் மாணவருக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லை, மாணவர் மறுக்க முடியாத இடத்தில் வாங்கிய சம்மதம் செல்லாது என்றது. விழாப் படம் முக அடையாளம் அளவுக்குத் தீவிரமானதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "கையெழுத்துப் போடாவிட்டால் சேர்க்கை நிற்கும்" என்ற பயத்தில் போட்ட கையெழுத்தை நம்பி ஆயிரம் முகங்களை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் யோசிக்கவேண்டும்.

இன்று அந்தப் படங்கள் விழாப் படங்களாகவே நிற்பதும் இல்லை. ஸ்பெயினின் அல்மென்றலேஹோ ஊரில் 2023-இல் மாணவிகளின் சாதாரணப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு வழியாக நிர்வாணப் படங்களாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள், செய்தவர்களும் சிறுவர்கள்தான். அடுத்த ஆண்டு 15 பேருக்குச் சிறார் நீதிமன்றம் ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. தென் கொரியாவில் 2024-இல் இதே போன்ற படங்கள் பள்ளி பள்ளியாக டெலிகிராம் குழுக்களில் வெளிவந்தபோது, அவற்றை வைத்திருப்பதும் பார்ப்பதுமே குற்றம் என்று நாடாளுமன்றம் ஒரே மாதத்தில் சட்டம் போட்டது.

உங்கள் கொள்கையில் இதற்கு ஒரு பத்தி வேண்டும், அதில் ஆசிரியருக்கு ஒரு எச்சரிக்கை வேண்டும். இப்படி ஒரு படம் வந்ததும் "ஆதாரம் வேணும், எனக்கு அனுப்பு" என்று சொல்லும் ஆசிரியரின் செல்போனில், பல நாட்டுச் சட்டப்படி, குற்றமான படம் வந்து சேர்கிறது. பார்க்காதே, நகல் எடுக்காதே, அனுப்பாதே, சேமிக்காதே என்கிறது இங்கிலாந்தின் வழிகாட்டுதல். செல்போனை அணைத்து, எடுத்து வைத்து, பொறுப்பானவரிடம் சொல்லவேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் படத்தை ஏன் எடுத்தாய், ஏன் போட்டாய் என்று அன்றைக்குக் கேட்கக் கூடாது.

எழுதும் முறை பற்றிச் சில சொற்கள். இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும். இருபது பக்கக் கொள்கையைப் பெற்றோர் கையெழுத்துப் போடத்தான் திருப்புவார்கள். செயலிகளின் பெயரைப் போடாதீர்கள், செயலைச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரையும் பதினொன்றிலிருந்து இரண்டு பேரையும் குழுவில் உட்கார வையுங்கள். இப்போது சண்டை எந்தச் செயலியில் நடக்கிறது என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்லாந்துபோல ஊடகத்தைப் படிக்கக் கற்றுத்தருவதைப் பாடத்திட்டத்தின் ஓட்டத்திலேயே, கணக்கிலும் மொழியிலும் சமூகவியலிலும் கலந்துவிட முடிந்தால் நல்லது. அது ஒரு கொள்கைக் குழு ஒரு பருவத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை, தனியாகத் தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் முதல் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள். இந்தச் சம்பவங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி, திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் பள்ளி முழுக்கப் பரவியிருக்கும். அந்த இரண்டு நாளில் ஒரு மாணவரோ பெற்றோரோ யாரிடம் சொல்வது என்பதற்கு "தகுந்த அதிகாரியை அணுகவும்" என்று எழுதி வைத்தால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். ஒரு ஆளின் பெயர், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பெயர், இருவரில் ஒருவராவது பெண், பள்ளி கொடுத்த ஒரு எண். அந்த எண்ணைச் சனி ஞாயிறு எடுப்பதற்கு அந்த இருவருக்கும் வேறு வேலையில் என்ன குறைத்துக் கொடுப்பீர்கள் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.